பெட்ரோல் பில் யார் தலையில்?

ஜெட் படகைப் போல ஓர் அபத்தம் கிடையாது. மிதக்கிற ஆற்றிலேயே தண்ணீரை அடிவயிற்றால் உறிஞ்சி, அதே ஆற்றிலேயே பின்பக்கமாகப் பீய்ச்சியடித்து, அந்தத் தள்ளலில் முன்னால் போகிறது. ஆற்றுக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நஷ்டம் முழுக்க டாங்குக்குத்தான். இந்த யோசனை மனிதனுக்குத் தோன்றி 350 வருஷத்துக்கு மேல் ஆகிறது. தலைமுறைக்கு ஒருவர் இதைப் புதுசாகக் கண்டுபிடிப்பார், ஓட்டிக் காட்டுவார், கரையில் கூட்டம் கைதட்டும். அப்புறம் எரிபொருள் கணக்கு வரும், கூட்டம் கலைந்துவிடும்.

கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் சரித்திரத்தில் இடம் கிடைத்துவிட்டது. சிலருக்கு 'சர்' பட்டம்கூடக் கிடைத்தது. பில் கட்டியவனைப் பற்றித்தான் ஒரு வரியும் காணோம். அவன் வாரிசுகள் சார்பில் இதை எழுதுகிறேன்.

முதல் கணக்கு 1661-இல் தொடங்குகிறது. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் முடிசூட்டிக்கொண்ட வருஷம். தாமஸ் டூகுட், ஜேம்ஸ் ஹேயஸ் என்று இரண்டு பேர், தண்ணீரை வெளியே தள்ளிக் கப்பல் ஓட்டும் உத்திக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நல்ல யோசனைதான். தள்ளுவதற்கு என்ஜின் மட்டும் இல்லை. அவர்களிடம் மட்டுமல்ல, உலகத்தில் யாரிடமும் இல்லை. நியூகோமன் சுரங்கத் தண்ணீரை இறைக்க நீராவி என்ஜினை ஓட்டிக்காட்ட இன்னும் 51 வருஷம் பாக்கி இருந்தது. ஆகவே பம்பு அடிக்கக் கூலியாட்கள், எரிபொருளாக ரொட்டியும் பீரும். துடுப்புப் போடுகிறவனிடம் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு பம்புக் கைப்பிடியைக் கொடுத்தால், அதே சாப்பாட்டுக்குக் குறைந்த தூரம்தான் ஓட்டுவான். இதைக் கப்பல் சமையல்காரன் அன்றைக்கே சொல்லியிருப்பான். சமையல்காரன் பேச்சைக் கேட்டுக் காப்புரிமை கொடுக்கிற வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

அடுத்தது 1738. டேனியல் பெர்னூலி என்ற கணித மேதை, கப்பலின் பின்னால் தண்ணீரைப் பீய்ச்சினால் கப்பல் முன்னால் போகும் என்று தன் புத்தகத்தில் எழுதினார். காகிதத்தில் ஓடுகிற படகுக்கு மசிச் செலவு மட்டும்தான் என்பதால் அவருக்குப் பிரச்சினை எதுவும் வரவில்லை. 1785-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 79 வயசில் பிரான்ஸிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும்போது, பெர்னூலியின் யோசனையைத் தூசி தட்டி எடுத்து நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கப்பலில் வாரக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். அந்தக் கப்பல் பாயில் காற்று வாங்கி இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது என்பதைப் பெரியவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

காகிதத்திலிருந்து தண்ணீருக்கு இறக்கியவர் ஜேம்ஸ் ரம்ஸி. வர்ஜீனியாவில் பாத் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் வீடு கட்டித்தரும் காண்ட்ராக்டர், சத்திரமும் நடத்தினார். ஜார்ஜ் வாஷிங்டனுக்கே அங்கே வீடு கட்டித்தர ஒப்புக்கொண்டவர். 1784-இல் வாஷிங்டன் வந்தபோது, ஆற்றுத் தரையைக் குச்சியால் உந்தி எதிர்த்திசையில் ஏறும் ஒரு மாதிரிப் படகைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று அவர் கையால் ஒரு சான்றிதழும் வாங்கிவிட்டார். நம்மூரில் கட்டடம் கட்டுகிறவர் பெரிய மனிதரிடம் இன்னொரு வேலைக்கு அடிபோடுவது தெரிந்த சங்கதிதான். சான்றிதழ் குச்சிப் படகுக்கு. கடைசியில் கட்டியது நீராவி ஜெட் படகு.

1787 டிசம்பர் 3-ஆம் தேதி, ஷெப்பர்ட்ஸ்டவுன் என்ற ஊரில், போட்டோமாக் ஆற்றில் வெள்ளோட்டம். நீராவிப் பம்பு முன்னால் தண்ணீரை இழுத்துப் பின்னால் தள்ள, படகு உண்மையிலேயே ஓட்டத்தை எதிர்த்துப் போனது. வேகம் மணிக்கு மூன்று மைல் சொச்சம். கரையில் சாதாரணமாக நடந்து வருகிறவர் படகோடு பேசிக்கொண்டே வரலாம். கொதிகலனுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நடந்து வருகிறவருக்கு வேண்டாம். அந்த வித்தியாசம் அன்றைக்கு யார் கண்ணையும் உறுத்தவில்லை.

இதற்குள் ஜான் ஃபிட்ச் என்று இன்னொருவர் துடுப்பு வைத்த நீராவிப் படகோடு வந்துவிட்டார். நான்தான் முதல், நீ திருடன் என்று இரண்டு பேரும் 1788-இல் மாற்றி மாற்றித் துண்டுப்பிரசுரம் அச்சடித்துக்கொண்டார்கள். எரிபொருள் செலவு போதாதென்று அச்சுக்கூலி வேறு. ரம்ஸிக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க்ளின் உள்ளிட்ட பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு சங்கமே தொடங்கி, கைக்காசு போட்டு அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். ஜெட் படகின் செலவைப் பிறர் தலையில் கட்டும் மரபு இங்கேதான் ஆரம்பம். ரம்ஸி லண்டனில் கடன்காரர்களோடு மல்லுக்கட்டி, 1792 டிசம்பரில் அங்கேயே காலமானார். ஃபிட்ச் 1790 கோடையில் டெலாவேர் ஆற்றில் பயணிகளை ஏற்றிக் கால அட்டவணைப்படி படகு ஓட்டினார். படகு ஓடியது, டிக்கெட் ஓடவில்லை. வசூல் செலவைத் தொடவே இல்லை. ஒருவர் ஜெட், ஒருவர் துடுப்பு. இரண்டு பேரையும் கவிழ்த்தது ஒரே கணக்கு நோட்டுதான்.

அடுத்த பெரிய பில் பிரிட்டிஷ் கடற்படைக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அரசாங்கப் பணத்தில் நடந்த கூத்துக்கு எப்போதும் ருசி அதிகம்.

எடின்பரோவைச் சேர்ந்த ருத்வென் குடும்பத்தார் தண்ணீர் பீய்ச்சிக் கப்பல் ஓட்டும் பம்பைப் பல வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கடைசியில் கடற்படைத் தலைமை மனமிரங்கி, 'வாட்டர்விட்ச்' என்ற கவசம் பூட்டிய பீரங்கிப் படகைக் கட்டச் சொன்னது. 1866-இல் தேம்ஸ் ஆற்றில் இறங்கிற்று. ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. வயிற்றுக்குள்ளே 14 அடி விட்டத்தில் ஒரு பம்புச் சக்கரம். கப்பலின் அடித்தட்டில் உள்ள ஓட்டைகள் வழியே கடல் உள்ளே வரும். சக்கரம் அதைச் சுழற்றி இரண்டு பக்கமும் உள்ள குழாய்களில் அனுப்பும். நீர்மட்டத்தை ஒட்டி அது வெளியே பாயும். மேல்தளத்தில் நிற்கிற அதிகாரி வால்வைத் திருப்பினால் போதும். இரண்டு குழாயும் பின்னால் பீய்ச்சினால் கப்பல் முன்னால், இரண்டும் முன்னால் பீய்ச்சினால் பின்னால், ஒன்று அப்படி ஒன்று இப்படி என்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். என்ஜின் அறையிலிருப்பவனுக்குச் சேதியே சொல்ல வேண்டாம். கப்பலுக்கு இரண்டு முனையிலும் சுக்கான். எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

இதை விற்றவர்கள் இன்னொரு சிறப்பையும் சொன்னார்கள். கப்பலில் ஓட்டை விழுந்து உள்ளே தண்ணீர் ஏறினால், பம்பு அந்தத் தண்ணீரையே உறிஞ்சிப் பீய்ச்சிக் கப்பலை ஓட்டுமாம். அதாவது மூழ்கிக்கொண்டிருக்கிற கப்பல், மூழ்குகிற தண்ணீரை வைத்தே தப்பி ஓடும். கடற்படைப் பிரபுக்கள் இதைக் கேட்டு மீசையைத் தடவியிருப்பார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தால் நல்லதுதான் என்ற அளவுக்குப் போகாமல் நிறுத்திக்கொண்டது அவர்கள் நிதானத்துக்கு அடையாளம்.

பிறகு ஒப்பீட்டுச் சோதனை. ஏறக்குறைய அதே அளவில், இரட்டைப் புரொப்பல்லர் வைத்த 'வைப்பர்' என்ற கப்பல் எதிராளி. வாட்டர்விட்ச் கூடுதல் குதிரைத்திறனைச் செலவழித்து மணிக்கு ஒன்பது நாட்டிகல் மைல் வேகத்தைத் தொட்டது. வைப்பர் குறைந்த திறனில் அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனது. அவ்வளவுதான். பிரபுக்கள் அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்தார்கள். 1890-இல் கப்பலை விற்றார்கள். நிலக்கரிக் காசு வரி கட்டிய குடிமக்களுடையது என்பதால் யாருக்கும் வயிறு எரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடை ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது. கிளாஸ்கோ பேராசிரியர் ராங்கின் 1865-இல், அதாவது கப்பல் தண்ணீரில் இறங்குவதற்கு முந்தின வருஷம், உந்துவிசைகளின் கணக்கை எழுதி வெளியிட்டிருந்தார். அந்தக் கணக்கின் சாரத்தைச் சமையலறை வாசலில் நின்று சொல்லிவிடலாம். ஒரு அண்டாத் தண்ணீரை மெதுவாகத் தள்ளினாலும் தள்ளுவிசை கிடைக்கும், அரை அண்டாத் தண்ணீரை இருமடங்கு வேகத்தில் வீசினாலும் அதே தள்ளுவிசை கிடைக்கும். ஆனால் செலவாகும் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே அரை அண்டாவை வீசுகிறவனுக்கு இரண்டு மடங்கு செலவு. புரொப்பல்லர் நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளுகிற ஜாதி. ஜெட் கொஞ்சம் தண்ணீரை வெறிகொண்டு வீசுகிற ஜாதி. படகு மெதுவாகப் போகப்போக இந்த வெறி வீணாகும். படகே வேகமெடுத்துப் பீய்ச்சும் வேகத்தை நெருங்கினால்தான் வீண் குறையும். மெதுவாகப் போனால் எண்ணெய் மிச்சம் என்ற நம்மூர் ஸ்கூட்டர் ஞானம் இங்கே பாதிதான் செல்லும். வாட்டர்விட்ச் மணிக்கு ஒன்பது நாட்டிகல் மைலில் தவழ்ந்துகொண்டே அசுர வேகத்தில் பீய்ச்சியது. கடலைச் சூடாக்கினார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இனி நம் கதாநாயகர். நியூசிலாந்தில் 1899-இல் பிறந்த சார்ல்ஸ் வில்லியம் ஃபீல்டன் ஹாமில்டன். ஊருக்கு பில் ஹாமில்டன். 350 வருஷத்தில் தன் பில்லைத் தானே கட்டிய முதல் ஆளுக்கு இந்தப் பெயர் அமைந்தது ஆண்டவன் செயல்.

1921-இல் மெக்கென்ஸி என்ற மலைநாட்டில் ஐரிஷ்மன் க்ரீக் என்ற ஆட்டுப்பண்ணையை வாங்கினார். ஆடு வளர்க்க வாங்கிய இடத்தில் அவர் வளர்த்தது பட்டறையை. வீட்டுக்குக் கரண்ட் வேண்டும் என்று ஓடையில் அணை கட்டப்போனார். மண் அள்ள ஆள் பிடிக்காமல் மண் அள்ளும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அந்த இயந்திரம் ஊரெல்லாம் விற்பனையாகி, கடைசியில் எஞ்சினீயரிங் கம்பெனியாகவே ஆகிவிட்டது. பல்பு எரிந்ததா என்று கேட்டால், எரிந்தது. இடையில் பென்ட்லி கார் பைத்தியம் வேறு. 1930-இல் இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் ரேஸ் தடத்துக்கே போய் ஜெயித்துவிட்டு வந்தார். இப்படிப்பட்ட மனிதரின் கையில் ஐம்பது வயசுக்கு மேல் ஒரு படகு கிடைத்தால் அது மைலேஜுக்காக இருக்காது என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருக்கும்.

அவருக்குத் தேவை ஒன்றே ஒன்று. கேன்டர்பரி மாநிலத்து ஆறுகள் பனிமலையிலிருந்து இறங்குபவை. அகலமான கூழாங்கல் படுகையில் பத்துப் பிரிவாகப் பிரிந்து, பின்னி, கணுக்கால் ஆழத்தில் பாய்ந்து ஓடும். கீழே போவதற்கு யாராலும் முடியும், ஒரு மரக்கட்டையால்கூட முடியும். மேலே போக வேண்டும் என்றால்தான் வில்லங்கம். புரொப்பல்லர் வைத்த படகு முதல் மேட்டிலேயே இலைகளைக் கல்லில் விட்டுவிட்டு நிற்கும். ஆற்றுக்குப் புரொப்பல்லர் வாங்கிக் கொடுப்பதா, பங்க்குக்குப் பெட்ரோல் காசு கொடுப்பதா என்பதுதான் கேள்வி. ஹாமில்டன் பங்க் பக்கம் சாய்ந்தார்.

அமெரிக்காவில் ஹான்லி ஹைட்ரோஜெட் என்று ஒரு பம்பு இருந்தது. அதைப் பார்த்துத் தன் பட்டறையில் ஒன்று கடைந்தார். 1953-54 வாக்கில் அதைப் பன்னிரண்டு அடி பிளைவுட் படகில் பூட்டினார். என்ஜின், ஃபோர்டு 100ஈ. அதாவது ஒரு சின்னக் குடும்பக் காரின் 1,172 சிசி என்ஜின், 36 குதிரைத்திறன். பீய்ச்சும் வாய் படகுக்கு அடியில், தண்ணீருக்குள். வேகம் மணிக்கு 11 மைல், 18 கிலோமீட்டர். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆட்டுப்பண்ணைக்காரர்கள் சிரிப்பது எளிதில் அடங்காது.

அப்போது பட்டறையில் ஒரு யோசனை பிறந்தது. பீய்ச்சும் வாயைத் தண்ணீருக்குள் வைப்பானேன்? அடியிலிருந்து எடுத்து, படகின் பின்பலகையில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பார்ப்போம். வைத்தார்கள். அதே என்ஜின், அதே பெட்ரோல், வேகம் 17 மைல். கீழே துருத்திக்கொண்டு தண்ணீரை இழுத்த குழாயும் போயிற்று, கல்லில் இடிக்கிற சனியனும் தொலைந்தது.

இதைப் பெட்ரோலில் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் படகுக்காரர்களிடம் ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. முழு விசையில் பத்துக் குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு அமெரிக்க கேலன், அதாவது 3.8 லிட்டர். 36 குதிரைக்கு மணிக்குப் பதிமூன்று லிட்டர் சொச்சம். முதல் படகு லிட்டருக்கு ஒண்ணேகால் கிலோமீட்டர் கொடுத்திருக்கும். குழாய் வாயை ஒரு சாண் தூக்கியபின் இரண்டு கிலோமீட்டர். ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாகச் செலவழிக்காமல் மைலேஜ் ஒன்றரை மடங்கு. ஜெட் படகுச் சரித்திரத்தில் பில்லைக் குறைத்த சம்பவம் என்று சொல்லத்தக்கது அனேகமாக இது ஒன்றுதான், அதுவும் வேகத்துக்காகச் செய்யப்போய்த் தற்செயலாக நடந்தது. 1957-க்குள் அச்சுவழிப் பாய்ச்சல் பம்புக்கு மாறினார்கள். தண்ணீர் குறுக்கே திரும்பாமல் நேராக உள்ளே வந்து நேராக வெளியே போகும். இன்றைய ஜெட் படகுகளின் பாட்டன் அது. கண்டுபிடித்த பெருமை எனக்கில்லை, ஆர்க்கிமிடீஸுக்குத்தான் என்று ஹாமில்டன் ஒருமுறை சொன்னார். ஆர்க்கிமிடீஸிடம் பெட்ரோல் காசு கேட்க முடியாது என்ற தைரியம்தான்.

அமெரிக்காவுக்கு அவர் போய், இந்தப் படகில் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக மேலே ஏறுவேன் என்றபோது பத்திரிகைக்காரர்கள் நக்கலடித்தார்கள். 1960 ஜூலையில் அவர் மகன் ஜான் ஹாமில்டனும் கூட்டாளிகளும் ஏறிக் காட்டினார்கள். கிவி, வீ ரெட், டாக் என்று மூன்று படகுகள் மேலே வந்து சேர்ந்தன. இன்றுவரை வேறு யாரும் அந்தப் பள்ளத்தாக்கை முழுக்க எதிர்த்திசையில் ஏறியதில்லை, பூங்கா நிர்வாகமும் விடுவதில்லை.

எதிரோட்டத்தில் ஏறுவதன் பொருளாதாரத்தை நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். ஒரு பாய்ச்சலில் தண்ணீர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். படகும் 30 கிலோமீட்டரில் மேலே போகிறது. என்ஜின் அலறுகிறது, நுரை பறக்கிறது, பெட்ரோல் முள் இறங்குகிறது. கரையில் நிற்கிற ஆட்டுக்குப் படகு ஒரே இடத்தில் நிற்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றால், பூஜ்யம். விசையை இன்னும் கொஞ்சம் தள்ளினால் அங்குலம் அங்குலமாக ஏறும். கொஞ்சம் சுணங்கினால் எரித்த எண்ணெயோடு சேர்த்துப் பின்னால் போக வேண்டியதுதான். ஒரே ஆறுதல், அந்தப் பில் விளம்பரக் கணக்கில் போயிற்று. உரிமம் வாங்கி இந்தப் படகை அமெரிக்காவில் செய்து விற்க ஒரு கம்பெனி தயாராக இருந்தது.

சரி, விளம்பரத்தைப் பார்த்து வாங்கினானே, அவன் கதை?

அவன் கலிஃபோர்னியாவில் இருந்தான். அவன் படகு ஓட்டிய இடத்தில் பாறையும் இல்லை, பனியாறும் இல்லை. அணைக்கட்டு ஏரிகளும், அகன்ற ஆழமான ஆற்றுப் பகுதிகளும்தான். புரொப்பல்லர் தாராளமாக ஓடக்கூடிய இடம். ஆகவே ஜெட்டுக்கு அங்கே ஒரு நியாயமும் கிடையாது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, 1960-களிலும் 70-களிலும் அங்கே ஜெட் படகு பேயாய்ப் பிடித்தது. பம்பைச் செய்து கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஒரு பக்கம் பெர்க்லி பம்பு கம்பெனி. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் பம்பு செய்தவர்கள். இன்னொரு பக்கம் ஜக்கூஸி சகோதரர்கள். ஆமாம், நட்சத்திர ஹோட்டல் குளியல் தொட்டியில் குமிழ் விடுகிறதே, அதே ஜக்கூஸி. இத்தாலியிலிருந்து வந்த குடும்பம். விமானப் புரொப்பல்லரில் ஆரம்பித்து, கிணற்றுப் பம்புக்கு மாறி, வீட்டுப் பிள்ளையின் மூட்டுவாதத்துக்காகத் தொட்டிக்குள் வைக்கும் பம்பைச் செய்து, படகுக்கும் பம்பு செய்தார்கள். ஒரே கம்பெனி தொட்டியில் மனிதனைச் சும்மா உட்காரவும் வைத்தது, ஏரியில் தலைதெறிக்க ஓடவும் வைத்தது. இம்பெல்லர், பௌல் என்று கோயம்புத்தூர்ப் பக்கம் போர் மோட்டார் மெக்கானிக் உச்சரிக்கிற அதே சாமான்கள்தான் அந்தப் படகுக்குள்ளும் சுழன்றன. நம்மவர்கள் அதைக் கிணற்றோடு நிறுத்திக்கொண்டது குடும்பத்துக்கு நல்லதாயிற்று.

அந்தப் பம்பைச் சுற்ற அவர்கள் பூட்டிய என்ஜின்களைப் பாருங்கள். ஓல்ட்ஸ்மொபில் 455, ஃபோர்டு 460. எண்கள் கன அங்குலத்தில், நம் கணக்கில் ஏழரை லிட்டர். சொகுசு கார்களுக்கு வார்த்த எட்டு சிலிண்டர் பூதங்கள். கியர்பாக்ஸ் கிடையாது, நியூட்ரல் கிடையாது. சாவியைத் திருப்பிய நொடியிலிருந்து பம்பு இறைத்துக்கொண்டே இருக்கும். படித்துறையில் நிற்க வேண்டுமானால், பின்னால் பாயும் தண்ணீருக்கு முன் ஒரு 'பக்கெட்'டைப் பாதி இறக்கி, பாதித் தண்ணீரை முன்னால் திருப்பிவிட வேண்டும். முன்னால் தள்ளுவதும் பின்னால் தள்ளுவதும் சமமாகிப் படகு நிற்கும். நிற்பதற்குப் பெட்ரோல் செலவழிக்கிற வண்டி உலகத்தில் வேறு ஏதாவது உண்டா என்று தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

300 குதிரைத்திறன் என்றால் முழு விசையில் மணிக்கு 30 கேலன், 114 லிட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் போனாலும் லிட்டருக்கு முக்கால் கிலோமீட்டர் தேறாது. 1973-இல் அமெரிக்காவில் கேலன் சராசரியாக 39 சென்ட். ஒரு மணி நேரக் கொண்டாட்டத்துக்குப் பன்னிரண்டு டாலர். குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 1.60 டாலர். ஆக, ஏழு மணி நேரத்துக்கு மேல் உழைத்தவன் ஒரு மணி நேரம் நுரை விடலாம். மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதபடி அரைகுறை வேகத்தில் போனால் இன்னும் மோசம். சறுக்கிப் பறக்கிற நிலைக்கு ஏற்றிவிட்டு விசையைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் சிக்கனம். ஜெட் படகு வாங்கியவனிடம் போய் விசையைத் தளர்த்தச் சொல்கிற துணிச்சல் யாருக்கு உண்டு?

பெட்ரோலோடு முடிந்தால் பரவாயில்லை. இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே நகக்கன இடைவெளிதான் இருக்கும். ஆழமில்லாத கரையில் கிளப்பினால் மணலும் சரளையும் உள்ளே போய் இரண்டையும் தேய்க்கும். இடைவெளி அகலும். தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு அந்த இடைவெளி வழியே திரும்ப நழுவும். என்ஜின் முன்னைவிட வேகமாகச் சுற்றும், படகு முன்னைவிட மெதுவாகப் போகும். பழுது என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது, பங்க்காரர் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போகும். தண்ணீர்ச்செடி உள்வாய்ச் சல்லடையை அடைத்தாலோ, எஜமானர் தொட்டித்தொட்டியாகப் பெட்ரோல் எரித்துக்கொண்டு நடு ஏரியில் அசையாமல் நிற்பார். சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்து, படகுக்கடியில் கைவிட்டுப் பிடுங்க வேண்டும். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்று சொன்ன பாட்டி ஜெட் படகு பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விகிதத்தை மாற்றியிருப்பாள்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. நவம்பர் 25-ஆம் தேதி அதிபர் நிக்ஸன் தொலைக்காட்சியில் தோன்றி, சனிக்கிழமை இரவு ஒன்பது மணியிலிருந்து ஞாயிறு நள்ளிரவு வரை பங்க்குகள் பெட்ரோல் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வாரத்தில் ஏழு நாள் இருக்கின்றன. ஜெட் படகுக்காரனுக்கு எந்த நாள் முக்கியமோ அதைக் குறிபார்த்து அடித்தார். அடுத்த வருஷம் கேலன் சராசரி 53 சென்ட் ஆயிற்று. பன்னிரண்டு டாலர் கொண்டாட்டம் பதினாறு டாலர் ஆனது. ஏழரை லிட்டர் பூதங்கள் ட்ரெய்லரோடு கார் ஷெட்டுக்குப் போயின, சில வீடுகளில் அவற்றின் மேல் துணி காய்ந்திருக்கும்.

இந்த நெருக்கடி ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் கிடைத்த இடைவெளியில், நம் கங்கைக்கு வந்து சேர்ந்தார் எட்மண்ட் ஹிலாரி. எவரெஸ்ட்டில் ஏறியவருக்கு மலையைச் சமுத்திரத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசை. 1977 ஆகஸ்டில் கங்கா சாகரிலிருந்து மூன்று ஜெட் படகுகள் கிளம்பின. ஓட்டியவர்களில் ஜான் ஹாமில்டன் உண்டு. படகுகளின் பெயர் கங்கா, கிவி, ஏர் இந்தியா. ஒரு படகுக்கு ஏர் இந்தியா என்று பெயர் வைத்திருந்தால், செலவில் யாருக்குப் பங்கு என்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. வழிநெடுகக் கரையில் மக்கள் வெள்ளம். காசியில் முங்கி எழுந்தவர்கள் எதிரில், துடுப்புமில்லாமல் பாயுமில்லாமல் கங்கையையே குடித்துக் கங்கையிலேயே துப்பிக்கொண்டு மேலே போகும் மூன்று படகுகள். பகீரதன் கீழே கொண்டுவந்த ஆற்றில் இவர்கள் மேலே போனார்கள். பகீரதனுக்குத் தவம் மட்டும்தான் செலவு.

சுமார் 2,400 கிலோமீட்டர் ஏறி, இமயமலைக்குள் நந்தப்பிரயாகை வரை போய்விட்டார்கள். அங்கே ஒரு அருவி. பெரிசொன்றுமில்லை, மூன்று மீட்டர் இருக்கும். செங்குத்தாக விழும் தண்ணீரில் ஏறுவதற்குப் படகு மீனல்ல. உலகத்தின் உச்சியில் நின்றவரை இரண்டு ஆள் உயரம் நிறுத்திவிட்டது. அதற்குமேல் நடந்தார்கள், ஏறினார்கள். மேலே ஹிலாரிக்கு உயர நோய் கண்டு ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியதாயிற்று. ஹெலிகாப்டரின் எரிபொருள் கணக்கு தனி. அது இந்திய அரசாங்கத்துடையது.

பில் ஹாமில்டன் 1974-இல் சர் பட்டம் வாங்கி, 1978 மார்ச்சில் காலமானார். புண்ணியவான், அடுத்த வருஷம் தன் நாட்டில் நடந்ததைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். ஈரானில் புரட்சி, எண்ணெய் விலை மறுபடி எகிறியது. பிரதமர் மல்டூன் அரசாங்கம் 1979 ஜூலை 30 முதல் 'காரில்லா நாள்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தனியார் பெட்ரோல் கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து அன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது. எந்த நாள் என்று காட்டும் வண்ண ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். மீறினால் 400 டாலர் வரை அபராதம். மோட்டார் சைக்கிளுக்கு விலக்கு, இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு விலக்கு, அவசரத் தொழில்காரர்களுக்கு விலக்கு ஸ்டிக்கர். விலக்கு ஸ்டிக்கருக்குக் கள்ளச்சந்தையும் வந்தது. வசதியுள்ளவன் வேறு நாள் ஸ்டிக்கரோடு இரண்டாவது கார் வாங்கினான். 1980 மே மாதம் அரசாங்கமே சலித்துப்போய்த் திட்டத்தைக் கைவிட்டது.

லிட்டருக்கு எட்டு, பத்துக் கிலோமீட்டர் கொடுக்கிற அப்பாவிக் குடும்பக் காரை வாரத்தில் ஒரு நாள் கட்டிப்போட்ட அந்தச் சட்டத்தில், லிட்டருக்கு முக்கால் கிலோமீட்டர் படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படகு கார் இல்லையே. ஸ்டிக்கர் ட்ரெய்லரை இழுக்கிற வண்டிக்குத்தான். படகுக்காரன் எவனும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான் என்று பந்தயம் கட்டலாம். தேர்ந்தெடுத்துத் தொலைத்திருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரனின் செவ்வாய்க்கிழமை ஸ்டிக்கர் கார் இழுத்துக்கொண்டு போய் ஆற்றில் விட்டுவிடும். தண்ணீரைத் தொட்டபின் எட்டு சிலிண்டரும் எத்தனை மணி நேரம் அலறினாலும் கேட்க எந்தப் போலீஸுக்கும் அதிகாரமில்லை. வீட்டு வாசலிலேயே ஆறு ஓடுகிறவனுக்கு ஸ்டிக்கரே வேண்டாம்.